குருவி கலையாமல்

முட்டியை அமுக்கினால் தலை தூக்கிக்கொண்டது. தலையை அமுக்கினால் முட்டி எழுந்துகொண்டது. அமரர் ஊர்தி வண்டிக்காரர் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேரும் கட்டிலின் இரு பக்கமும் நின்று மூச்சு வாங்கினார்கள். உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துப்போன உடம்பு. உயிரோடு இருந்தபோதே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றவர், இப்போது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக் காலை நீட்டிவிடுவாரா என்ன.

அவள் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆட்களில் மூத்தவர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தபடி, ஐயா நாற்காலியில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டார். தொழில்முறையில் கேட்ட கேள்விதான். அவள் வாய் திறப்பதற்குள் மகன் குறுக்கே வந்தான்.

"விடுங்கண்ணே. அப்படியே இருக்கட்டும். மேல போத்திடலாம்."

மகன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். அடுத்தவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பதுதான் அவன் பிழைப்பு. செய்தி கேட்டு ஓடி வந்ததிலிருந்து வீட்டிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

போர்வையைப் போர்த்தினார்கள். முட்டி இருந்த இடத்தில் அது கூடாரம்போல நின்றது. இனி வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த மேட்டைப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் அவளைப் பார்ப்பார்கள். புருஷன் விறைத்துப்போகிற வரைக்கும் இவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்க வாய்கூட வேண்டாம், பார்வை போதும்.

கட்டில் போட இடம் வேண்டுமென்று தையல் மெஷினை மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். ஒரு தங்கும் விடுதிக்காகத் தைத்துக்கொண்டிருந்த தலையணை உறைகள் அதன்மேல் பாதி மடிப்பில் கிடந்தன. சாவு வீட்டில் அது கண்ணை உறுத்துமே என்று ஒரு துண்டை எடுத்து மூடினாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு காலை வேளையிலாவது அந்த மெஷின் ஓடியதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

பொழுது விடிந்ததும் அவர் பின்பக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். மாதுளைக்கு அடியில் ஒரு பிரம்பு நாற்காலி. காலடியில் கொஞ்சம் தானியத்தை இறைத்துவிட்டு, இன்னொரு பிடியை உள்ளங்கையில் வைத்து, கையைத் தொடைமேல் மல்லாத்திக்கொள்வார். அதற்கப்புறம் அசைய மாட்டார். சிட்டுக்குருவிகள் வரும், மைனா வரும், மதில்மேல் புறா வந்து நின்று நோட்டம் பார்க்கும். எல்லாம் தரையில் கிடப்பதைத் தின்னும். கையில் இருப்பதை ஒன்றும் தொடாது. என்றைக்காவது ஒரு குருவி பயமில்லாமல் வந்து கையில் உட்கார்ந்து தின்ன வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்த ஆசைக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவராக எழுந்து உள்ளே வரும்வரை பின்கதவைத் திறக்கக் கூடாது. குழாயை முழுக்கத் திருகக் கூடாது. பாத்திரம் உருளக் கூடாது. மெஷின் பேச்சுக்கே இடமில்லை. மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இருமல் வந்தால் தானாகவே ஓடிப்போய்த் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தகரப் பட்டறையில் மேஸ்திரியாக இருந்தவர். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தத்தில் கிடப்பவனுக்கு வீட்டிலாவது அமைதி வேண்டாமா என்று ஆரம்பத்தில் சொன்னார். நியாயம்தானே என்று அவளும் நினைத்தாள். பட்டறையை விட்டு நின்றபின் கெடுபிடி குறையும் என்று எதிர்பார்த்தாள். கூடியது. முன்பாவது வேலைக்குப் போகவேண்டும் என்று சீக்கிரம் எழுந்து வருவார். இப்போது வெயில் முகத்தில் அடிக்கும்வரை இருப்பார். சில நாள் உச்சி வெயில் வரைக்கும்கூட. அவள் தைக்க வேண்டியதையெல்லாம் மதியத்துக்குமேல் உட்கார்ந்து தைத்தாள்.

ஒரே ஒரு முறை அவள் அந்தச் சட்டத்தை மீறினாள். காலையில் தொலைபேசி வந்தது, அவளுடைய அம்மா இறந்துவிட்டாள் என்று. அவள் செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினாள். குருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் கிளம்பிப் போயின.

"அப்படி என்ன தலை போற அவசரம்?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மா போயிட்டாங்க."

அவர் காலி மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

"நான் உள்ள வந்தப்புறம் சொல்லியிருக்கலாமே. போனவங்க போயாச்சு. எங்க ஓடிடப் போறாங்க?"

அதற்காக அவர் கொடுமைக்காரர் என்று சொல்ல முடியாது. அன்று அவளை ஊருக்கு அழைத்துப் போனார், எல்லாக் காரியத்துக்கும் கூட நின்றார். ஆனால் அந்த வார்த்தையை அவள் விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அதற்குப் பிறகு, அவர் நாற்காலியில் இருக்கும்போது அவள் தோட்டத்தில் காலை வைத்ததே கிடையாது. கூரையில் தீப்பிடித்தாலும் உள்ளே வந்தபிறகுதான் சொல்வேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். பின்னால் கறுவியதும் மறந்து அது பழக்கமாகிவிட்டது.

இன்று காலை அடுப்படி ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். பால் பொங்கும்முன் அடுப்பைக் குறைத்துவிட்டு நிமிர்ந்தபோது, அவருடைய மணிக்கட்டில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. பெட்டைக் குருவி, தவிட்டு நிறம். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அது உள்ளங்கைக்குள் இறங்கி, ஒரு மணியைக் கொத்தி, உமியைத் தள்ளிவிட்டு, அடுத்ததைக் கொத்தியது. அவர் அசையவில்லை. தலை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. பறவையை உற்றுப் பார்க்கும்போது அப்படிச் சாய்ப்பது அவர் வழக்கம். சிறிது நேரத்தில் இன்னொன்று வந்து தொடைமேல் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிழவருக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள். பொறாமைகூட வரவில்லை. இத்தனை காலமும் அவருக்குப் பயந்து சத்தம் போடாமல் இருந்தவள், இன்றுதான் முதல்முறையாகத் தானாக விரும்பிச் சத்தம் போடாமல் நின்றாள். முன்வாசலுக்கு ஓடிப்போய், காய்கறி வண்டிக்காரர் மணியடிப்பதற்குள் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டி அனுப்பினாள். தொலைபேசியைத் தலையணைக்கு அடியில் செருகினாள். மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். உள்ளே வந்ததும் அவர் அவளிடம் சொல்லுவார். சொல்லாமல் இருக்க முடியாது, சொல்வதற்கு வீட்டில் வேறு ஆள் கிடையாது. அப்போது தான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, அப்படியா என்று ஆச்சரியமாகக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தாள். எப்படிக் கேட்பது என்று ஒருமுறை உதட்டை அசைத்துக்கூடப் பார்த்துக்கொண்டாள். அவருக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகத் தேநீர் போட்டு வைத்தாள். அது ஆறியது. மறுபடி சுடவைத்தாள்.

வெயில் அவர் முகத்துக்கு வந்தது. அவர் கண்ணைச் சுருக்கவில்லை.

அப்போதுதான் அவள் கதவைத் திறந்தாள். அப்போதும் கீல் கிறீச்சிடாமல் மெதுவாகத்தான் திறந்தாள். பழக்கதோஷம் அப்படி. குருவிகள் பறந்தன. உள்ளங்கையில் ஒரு மணிகூட மிச்சமில்லை, வெறும் உமிதான் இருந்தது. ஒரு கண் பாதி திறந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு நர்ஸ் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்து, ரொம்ப நேரம் ஆகிவிட்டதே என்றாள். கிளினிக் டாக்டர் வந்து இதயம் என்றார். வலி வந்த உடனே யாராவது பார்த்திருந்தால் ஒருவேளை, என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் பையை மூடினார். நல்ல மனிதர். ஆனால் பாதியில் விட்ட வாக்கியத்தை அவள் அதற்குள் பல தடவை முடித்துப் பார்த்துவிட்டாள்.

மகன் வந்ததும் அவனை அடுப்படிக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவளுக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை. ஆறுதல்கூட இரண்டாம்பட்சம்தான். இன்று காலை தான் வாயை மூடிக்கொண்டு நின்றது பயத்தால் அல்ல, அவருக்குக் கிடைத்தது கெட்டுவிடக் கூடாது என்றுதான் என்பது இந்த உலகத்தில் ஒருவருக்காவது தெரிய வேண்டும். இந்த வீட்டில் இருமலைத் தலையணையில் புதைத்து வளர்ந்தவனுக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

அவன் கேட்டுக்கொண்டான். ஆறிப்போன தேநீரை எடுத்துத் தொட்டியில் ஊற்றினான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"இதை யார்கிட்டயும் சொல்லாதம்மா. நீ கடைக்குப் போயிருந்தே. திரும்பி வந்து பாத்தே. அவ்வளவுதான்."

"நான் எங்கயும் போகலியேப்பா."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குப் புரியாது. பாத்துக்கிட்டே நின்னேன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசி. அத்தை வேற வந்துக்கிட்டு இருக்காங்க."

அவனுக்குப் புரிந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் இருந்தது அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். அதுவும் அன்புதான். ஆனால் அவள் கேட்ட பொருள் வேறு, அவன் கொடுத்தது வேறு.

கடைக்குப் போன கதை வாய்க்கு வாய் வீடு முழுக்கப் பரவியது. வாசலில் போட்டிருந்த வாடகை நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள், பாவம், அந்த நேரம் பார்த்து அந்தம்மா கடைக்குப் போயிருந்ததாம் என்று பேசிக்கொண்டார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விதி உன்னை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டது, நீ என்ன செய்வாய் என்றாள். அவள் பேசாமல் இருந்தாள். எவ்வளவு நல்ல மனுஷன், ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர், குருவிக்கெல்லாம் படியளந்தவர் என்று இன்னொருத்தி சொன்னாள். இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. சத்தம் போடாமல் அழவும் இந்த வீட்டில்தான் பழகினாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

பட்டறை ஆட்கள் கும்பலாக வந்தார்கள். சுத்தியல் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர்கள் என்பதால் அவர்களுடைய ரகசியமே தெருக்கோடிக்குக் கேட்டது. கட்டிலைச் சுற்றி நின்று, சைரனை இப்படிப் பார்ப்போம் என்று நினைக்கவே இல்லையே என்று ஒருவர் அழுதார். அவளுக்குப் புரியவில்லை. மகன் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். அவர்கள் திகைத்துப்போனார்கள். வீட்டில் தெரியாதா? பட்டறையில் அவருக்கு அதுதானே பெயர். அத்தனை இரைச்சலையும் மீறி அவர் குரல்தான் மேலே கேட்கும். வேலையோடு வேலையாகப் பாடுவார். சாப்பாட்டு நேரத்தில் அவர் கதை சொல்ல ஆரம்பித்தால் எல்லாருக்கும் புரையேறும். வேலையை விட்டு நின்ற பிறகும் மாதத்துக்கு ஒருமுறை வந்து பேசிச் சிரித்துவிட்டுத்தான் போவார். சைரன் வந்தால் நேரம் போவதே தெரியாது.

அவள் போர்வைக்கு வெளியே தெரிந்த முகத்தைப் பார்த்தாள். இந்த வாயா பாடியது? எந்தப் பாட்டை? அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இரவு முழுக்கத் தூங்கி எழுந்த மனிதர், காலையில் வீட்டில் இருப்பவர்களுடைய மூச்சைக்கூட அளந்து விட்டவர், கொஞ்சம் சத்தத்தைப் பட்டறையில் இறக்கி வைத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்திருக்கக் கூடாதா? அவளும்தான் சிரித்திருப்பாளே. செத்தவரிடம் சண்டை போடுவது கேவலம் என்று தெரிந்தும் மனசுக்குள் போட்டாள்.

நாத்தனார் பிற்பகலில் வந்து சேர்ந்தாள். அவருக்கு அக்கா. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் வீங்கியிருந்தது. தம்பியின் முகத்தைப் பிடித்துக்கொண்டு உரக்க அழுதாள். அந்த வீட்டில் அன்று கேட்டதிலேயே பெரிய சத்தம் அதுதான். கேட்க நன்றாகக்கூட இருந்தது. அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, போர்வையின் மேட்டில் கை வைத்தாள். அமுக்கிப் பார்த்தாள். கை அப்படியே நின்றது.

எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். பாசமாகத்தான் போட்டாள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"கடைக்குப் போயிருந்தியாமே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசற்படியில் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டிருந்த மகன் திரும்பினான்.

"கால் நீட்ட முடியாத அளவுக்கு ஆகியிருக்கு. அவ்வளவு நேரம் கடையில என்னம்மா வாங்கினே?"

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மகன் கடையைக் கொடுத்திருந்தான், சாமானைக் கொடுக்க மறந்துவிட்டான். சோப்பு என்று சொல்லலாம். நூல்கண்டு என்று சொல்லலாம், தையல்காரிக்கு அது பொருந்தும். நூல்கண்டு வாங்கப் போன நேரத்தில் புருஷனை விட்டவள் என்று காலத்துக்கும் பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும், பாவம் பார்த்துச் சோறு போடுவார்கள், வீட்டுக்கு அழைப்பார்கள், பக்கத்தில் உட்கார்வார்கள். மகன் அங்கிருந்தே கண்ணால் கெஞ்சினான். ஒரு வார்த்தை போதும். அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அந்தக் காலை வேளை நடக்கவே இல்லை என்றாகிவிடும். ஜன்னலில் நின்ற அவளும் இல்லை, அவர் கையில் தின்ற குருவியும் இல்லை. அவருக்காக அவள் மனசாரச் செய்தது இந்த ஒன்றுதான். அதையும் அவள் நூல்கண்டுக்குக் கொடுக்க வேண்டுமா?

"நான் எங்கயும் போகலக்கா," என்றாள். "அடுப்படி ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அவர் கையில குருவி வந்து உக்காந்துச்சு. உள்ளங்கையில இருந்து தின்னுச்சு. அவர் அதுக்குத்தானே அத்தனை நாளா உக்காந்திருந்தார். கலைஞ்சிடக் கூடாதுன்னு நான் சத்தம் போடாம நின்னேன்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவ்வளவு தெளிவாக அந்த அறையில் அவள் பேசியதில்லை.

சொன்னதை வாய்க்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதுபோல நாத்தனாரின் உதடுகள் அசைந்தன.

"செத்துக் கிடந்தவனை நின்னு வேடிக்கை பாத்தியா?"

"செத்துட்டார்னு தெரியலக்கா."

"எப்படித் தெரியாமப் போகும்? அசையாம இருக்கான். கூப்பிட்டாப் பேசல. கட்டினவளுக்குக் கூடவா தெரியாது?"

அவள் யோசித்துப் பார்த்தாள். உண்மையிலேயே யோசித்துத்தான் சொன்னாள்.

"எப்பவும் அப்படித்தானேக்கா இருப்பார்."

தோளில் இருந்த கை விலகியது. வேகமாக இல்லை, மெதுவாகத்தான். நாத்தனார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து, கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். மகன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு வண்டிக்காரரை அழைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று எழுந்தாள். அவளுக்கு அடுத்திருந்தவள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். காலையில் கழுத்தைத் தொட்டுப் பார்த்த நர்ஸ் எழுந்து நின்று, அவளும் வாசல் பக்கம் நகர்ந்தாள்.

அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாயின. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலில் கூடியவர்கள் அங்கிருந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கிட்டே வரவில்லை. ஒருவரும் சத்தம் போடவில்லை.